தாத்தா கடையின் பழைய கணக்கு மெஷின்: அது எந்த வகை, என்ன விலை போகும்?

வீடு மாறும்போது, பழைய கடையைக் காலி செய்யும்போது, பாம் ஷெல்ட்டரில் அடுக்கிய பெட்டிகளைப் பிரிக்கும்போது இப்படி ஒரு பொருள் கையில் கிடைக்கலாம். பார்க்கத் தட்டச்சு இயந்திரம் மாதிரி இருக்கும். ஆனால் எழுத்தே இருக்காது, எண்கள் மட்டும்தான். பக்கத்தில் ஒரு கைப்பிடி. தூக்கினால் கை வலிக்கும்.

அதுதான் கணக்கு மெஷின். மின்னணுச் சில்லு எதுவும் இல்லாமல், பல்சக்கரங்களை மட்டும் நம்பிக் கூட்டி, கழித்து, பெருக்கி, வகுத்த அலுவலகக் கருவி. 1970களின் தொடக்கம் வரை வங்கி, காப்புறுதி நிறுவனம், கப்பல் நிறுவனம், அரசாங்க அலுவலகம் என்று உலகின் பல பகுதிகளிலும் இதன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் வீட்டில் இரண்டு குரல்கள் எழும். "பழைய இரும்பு, கரங்குனிக்குக் கொடுத்துடலாம்" என்பது ஒன்று. "அந்தக் காலத்துச் சாமான், ஆயிரக்கணக்கில் போகும்" என்பது இன்னொன்று.

பெரும்பாலும் இரண்டுமே தவறு. லட்சக்கணக்கில் தயாரான மெஷின், 80 வயதானாலும் மலிவாகத்தான் போகும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன மெஷினோ 60 வயதிலேயே ஆயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டும். எனவே, "எவ்வளவு பழசு?" என்பதை விட "இது எது, எந்த நிலையில் இருக்கிறது?" என்பதுதான் முக்கியமான கேள்வி.

அதை நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது? படிப்படியாகப் பார்ப்போம்.

சுருக்கமாக

• கைப்பிடியை உடனே சுற்றாதீங்க. மின்கம்பி இருந்தால் சுவரில் செருகாதீங்க.
• முதலில் வகை, அடுத்து பெயர்த் தகடு, பிறகு வரிசை எண். விலை கடைசியில்தான்.
• இணையத்தில் கேட்கும் விலை வேறு, உண்மையில் விற்ற விலை வேறு.
• பெரும்பாலான மெஷின்களுக்குப் பெரிய விலை கிடையாது. சிலவற்றுக்கு உண்டு. அந்தச் சிலவற்றைத் தெரிந்துவைத்திருந்தால் ஏமாறமாட்டீங்க.

ஏன் கைப்பிடியைச் சுற்றக் கூடாது?

இந்த மெஷின்களுக்குள் நூற்றுக்கணக்கான சிறு பாகங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நிற்கும். அவற்றுக்கு இட்ட எண்ணெய் பல ஆண்டுகளில் பிசின் மாதிரி இறுகிவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் துருவும் சேர்ந்துகொள்ளும்.

அந்த நிலையில் பலம் கொடுத்துச் சுற்றினால், வளையக் கூடாத ஒரு நெம்பு வளையும், அல்லது ஒரு பல் உடையும். மாற்றுப் பாகம் இன்று கடையில் கிடைக்காது. அதே மாதிரியான இன்னொரு மெஷினிலிருந்துதான் எடுக்கணும்.

இன்னொரு காரணமும் உண்டு. பல மெஷின்களில், தொடங்கிய சுற்றை முழுசாக முடித்தால்தான் மற்றப் பாகங்கள் விடுபடும். கடைசியாகப் பயன்படுத்தியவர் பாதிச் சுற்றில் விட்டுப் போயிருந்தால், மெஷின் பழுதானது போலத் தெரியும். உண்மையில் அது பூட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அதை எதிர்த் திசையில் இழுத்தால்தான் உண்மையான பழுது வரும்.

கைப்பிடி லேசாக நகர்ந்தால் சரி. நகரவில்லை என்றால் விட்டுடுங்க. "சுற்றவில்லை, ஆனால் எதுவும் உடையவில்லை" என்ற நிலையில் இருக்கும் மெஷினைப் பழுதுபார்க்க ஆள் கிடைப்பார். உடைந்ததற்குக் கிடைப்பது கடினம்.

பல்சக்கரம் எப்படிக் கணக்குப் போட்டது?

வகையை அடையாளம் காண இது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மிக அதிகமாகப் புழங்கிய கைப்பிடி வகையையே எடுத்துக்கொள்வோம்.

உள்ளே ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு சக்கரம். ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடிய 9 பற்கள். வெளியே உள்ள நெம்பை 7இல் வைத்தால் 7 பற்கள் தலைநீட்டும். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால், அந்த 7 பற்கள் விடைச் சக்கரத்தை 7 படி தள்ளும். அதுதான் கூட்டல். எதிர்ப்பக்கம் சுற்றினால் கழித்தல்.

பெருக்கல்? திரும்பத் திரும்பக் கூட்டுவதுதான். 237ஐ 24ஆல் பெருக்க 24 முறை சுற்றத் தேவையில்லை. 237ஐ வைத்து 4 முறை சுற்றணும். விடைப் பகுதியை ஓர் இலக்கம் நகர்த்தணும். இன்னும் 2 முறை சுற்றணும். மொத்தம் 6 சுற்று. சாளரத்தில் 5688 என்று வரும். பள்ளியில் நீங்கள் தாளில் போட்ட அதே முறைதான்.

வகுத்தலில், கழித்துக்கொண்டே போக வேண்டும். அளவுக்கு மீறிக் கழித்துவிட்டால் உள்ளே ஒரு மணி "டிங்" என்று அடிக்கும். ஒரு சுற்று திரும்பி வந்து, அடுத்த இலக்கத்துக்குப் போக வேண்டியதுதான்.

முதல் படி: வகையைப் பாருங்க

பெயரைத் தேடுவதற்கு முன்னால் தள்ளி நின்று மொத்த உருவத்தைப் பாருங்க. அலுவலகங்களில் புழங்கியவற்றில் பெரும்பாலானவை இந்த 6 வகைகளில் ஒன்றில் அடங்கும்.

1. நெம்பும் கைப்பிடியும்

உருளை மாதிரியான முன்பகுதி. அதில் நீளமான பிளவுகள், பிளவுகளில் சிறு நெம்புகள். வலப்பக்கம் கைப்பிடி. கீழே இடவலமாக நகரும் ஒரு பகுதி, அதில் எண்கள் தெரியும் சாளரங்கள்.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வேலை பார்த்த சுவீடன் நாட்டுப் பொறியாளர் வில்கொட் ஓட்னர் பரவலாக்கிய அமைப்பு இது. 1892இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகர நிறுவனம் ஒன்று உரிமம் வாங்கி, பிரன்ஸ்விகா என்ற பெயரில் தயாரித்தது. பிறகு டிரையம்ஃபேட்டர், வால்தர், சுவீடனின் ஃபேசிட் என்று ஒரு பெரிய குடும்பமே உருவானது.

ஆசியாவிலும் இதற்கு வாரிசு உண்டு. ஜப்பானில் ஓமோதோ தொராஜிரோ 1923இல் தொடங்கிய டைகர் மெஷின் அது. அவர் பெயரில் உள்ள "தொரா" என்றால் புலி. அதிலிருந்து வந்ததுதான் மெஷினின் பெயர்.

சோவியத் யூனியனில் ஃபெலிக்ஸ். ரகசியக் காவல்துறையைத் தொடங்கிய ஃபெலிக்ஸ் ஜெர்ஜின்ஸ்கியின் பெயர் அது. 1929 முதல் 1970கள் வரை லட்சக்கணக்கில் தயாரானது.

2. கைப்பிடி இல்லை, முழுக்க விசைகள்

ஒவ்வோர் இலக்கத்துக்கும் 1 முதல் 9 வரை ஒரு நெடுவரிசை. அப்படி 8, 10 வரிசைகள். விசையை அழுத்தியதும் விடை மாறும். சுற்ற எதுவும் இல்லை.

இதன் முன்னோடி சிகாகோவைச் சேர்ந்த டார் ஃபெல்ட். மக்ரோனி விற்கும் மரப்பெட்டி, இறைச்சி கோர்க்கும் குச்சி, ரப்பர் வளையம் ஆகியவற்றை வைத்து முதல் மாதிரியைச் செய்தவர். 1887இல் காப்புரிமை பெற்றார். மெஷினின் பெயர் காம்ப்டோமீட்டர்.

விசைகளை உற்றுப் பாருங்க. ஒவ்வொன்றிலும் பெரிய எண் ஒன்று, சின்ன எண் ஒன்று இருக்கும். இரண்டையும் கூட்டினால் 9. சின்ன எண் கழித்தலுக்கு. விசைகள் ஒன்று விட்டு ஒன்று குழிந்தும் தட்டையாகவும் இருக்கும். கண்ணால் பார்க்காமலே விரல் இடத்தை உணரத்தான் அந்த ஏற்பாடு.

இவற்றை இயக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தனிப் பயிற்சிப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள். பல விசைகளை ஒரே நேரத்தில் அழுத்துவார்கள். 5க்கு மேல் உள்ள விசைக்குக் கை நீட்டக்கூட மாட்டார்கள். 7 வேண்டுமானால் 4, பிறகு 3. பிரிட்டனில் இதே வகையில் தயாரானது சம்லாக்.

3. விசையும் கைப்பிடியும் காகிதச் சுருளும்

எண்ணை அழுத்தி, கைப்பிடியை இழுத்தால் தாளில் அச்சாகும். கூட்டிப் பட்டியல் போடும் மெஷின். வங்கிகளுக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் சரிபார்க்கத் தாள் இருக்கும்.

இங்கே பெரிய பெயர் அமெரிக்காவின் வில்லியம் சீவர்ட் பரோஸ். வங்கி எழுத்தராக இருந்தவர். அவருடைய ஆரம்ப மெஷின்களில், கைப்பிடியை இழுக்கும் வேகத்துக்கு ஏற்ப விடை மாறியது. அந்த மெஷின்களை அவர் மேல்மாடி ஜன்னல் வழியாகத் தெருவில் வீசினார் என்று ஒரு கதை உண்டு. பிறகு, யார் எப்படி இழுத்தாலும் ஒரே வேகத்தில் ஓடவைக்கும் எண்ணெய்க் குழாய் ஒன்றைச் சேர்த்து அந்தச் சிக்கலைத் தீர்த்தார்.

முழு விசைப்பலகைக்குப் பதில் 10 விசைகள் மட்டும் இருந்தால் அது அடுத்த தலைமுறை. உங்கள் கணினி விசைப்பலகையின் வலப்பக்கத்தில் 7, 8, 9 மேலே இருக்கிறது அல்லவா? அந்த அடுக்கு அமெரிக்காவின் சண்ட்ஸ்ட்ராண்ட் கூட்டல் மெஷினில் 1910களிலேயே வந்துவிட்டது.

4. மோட்டார் வைத்த பெரிய மெஷின்

முழு விசைப்பலகை, மேலே நகரும் பகுதி, பின்னால் மின்கம்பி. மன்ரோ, மார்சன்ட், ஃப்ரைடன் ஆகிய மூன்றும் அமெரிக்கப் பெயர்கள். 15 கிலோவுக்கு மேல் எடை இருக்கலாம். வகுத்தலைத் தானே செய்யும். 1950களில் வந்த ஒரு ஃப்ரைடன் மாடல் வர்க்கமூலம்கூடக் கண்டுபிடித்தது.

இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் அலமோஸில் அணுகுண்டுக் கணக்குகள் மார்சன்ட் மெஷின்களில் நடந்தன. பழுதானவற்றைத் திறந்து சரிசெய்தவர்களில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனும் ஒருவர்.

5. உள்ளங்கை உருளை

மிளகு அரைக்கும் கருவி மாதிரி ஒரு கறுப்பு உருளை. மேலே குட்டிக் கைப்பிடி, பக்கத்தில் நகரும் குமிழ்கள். இது கர்ட்டா. கையில் கிடைத்தால் பத்திரமாக வையுங்க. இதைப் பற்றிக் கீழே தனியாகப் பார்ப்போம்.

6. குச்சி வைத்த தகடு

சட்டைப்பையில் அடங்கும் தகரத் தகடு, கூடவே ஒரு ஊசிக் குச்சி. குச்சியால் எண்களை இழுத்துக் கூட்டணும். ஜெர்மனியின் அடியேட்டர் இதில் பிரபலம். மிக அதிகமாகத் தயாரானது. அழகான பொருள், ஆனால் மலிவு.

இரண்டாம் படி: பெயர்த் தகட்டைப் படியுங்க

இனி டார்ச் லைட் எடுத்துக்கொள்ளுங்க. முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் மூன்றையும் பாருங்க. பெயர், ஊர், வரிசை எண் எல்லாம் துப்பு.

ஊர் மாறினால் காலம் மாறும்

ஓட்னர் மெஷினில் "செயின்ட் பீட்டர்ஸ்பர்க்" என்று இருந்தால் அது ரஷ்யப் புரட்சிக்கு முந்தையது. புரட்சிக்குப் பிறகு ஓட்னர் குடும்பத்தினர் சுவீடனுக்குப் போய், கோத்தன்பர்க் நகரில் "ஒரிஜினல் ஓட்னர்" என்ற பெயரில் மீண்டும் தொடங்கினார்கள். கோத்தன்பர்க் மெஷின்கள் ஏராளம். பீட்டர்ஸ்பர்க் மெஷின்கள் அரிது.

நிறுவனப் பெயர் மாறினாலும் அப்படித்தான்

பரோஸின் நிறுவனம் முதலில் "அமெரிக்கன் அரித்மாமீட்டர் கம்பெனி". செயின்ட் லூயிஸ் நகரில் இருந்தது. 1904இல் டெட்ராய்ட்டுக்கு இடம் மாறி, 1905இல் "பரோஸ் ஆடிங் மெஷின் கம்பெனி" ஆனது. 1953இல் "பரோஸ் கார்ப்பரேஷன்". தகட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அந்தக் காலம்.

காப்புரிமைத் தேதி வேறு, தயாரித்த தேதி வேறு

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். தகட்டில் 1913 என்று இருந்தால், "1913இல் செய்தது" என்று விளம்பரம் போட்டுவிடுகிறார்கள். அது காப்புரிமை கிடைத்த ஆண்டு மட்டுமே. அதே தகட்டை நிறுவனம் 20 ஆண்டுகள் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கலாம். தகட்டில் உள்ள கடைசி ஆண்டு சொல்வது ஒன்றே ஒன்று: மெஷின் அதற்கு முன்னால் தயாராகவில்லை.

சரியான ஆண்டை வரிசை எண்தான் காட்டும். முக்கிய நிறுவனங்களின் வரிசை எண்களையும் ஆண்டுகளையும் ஒப்பிடும் பட்டியல்களைச் சேகரிப்பாளர்கள் இணையத்தில் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

நிறமும் பொருளும்

மரப்பெட்டி, பித்தளை, வார்ப்பிரும்பு, பக்கங்களில் கண்ணாடி இருந்தால் பெரும்பாலும் முதல் உலகப் போருக்கு முன்னும் அதை ஒட்டியும். பளபளக்கும் கறுப்புப் பூச்சு என்றால் 1920, 30கள். சொரசொரப்பான சாம்பல் அல்லது பச்சைப் பூச்சு, பிளாஸ்டிக் விசைகள் என்றால் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. "மேற்கு ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டது" என்றால் கண்டிப்பாக 1949க்குப் பிறகு, ஏனென்றால் அந்த நாடே அப்போதுதான் உருவானது.

மூன்றாம் படி: வலக்கோடி வரிசைகளை எண்ணுங்க

இது பலரும் கவனிக்காத துப்பு. நமக்கு ரொம்பவே பயன்படும்.

முழு விசைப்பலகை மெஷினில் எல்லா வரிசையும் 9இல் முடிந்தால் அது பதின்ம நாணயத்துக்கான மெஷின். 100 காசு ஒரு வெள்ளி என்ற கணக்குக்குப் பொருந்தும். நீரிணைக் குடியேற்ற வெள்ளியும் மலாயா வெள்ளியும் 100 காசுக் கணக்கில் இருந்ததால், இந்த வட்டாரத்துக் கடைக் கணக்குக்கு அந்த மெஷினே போதும்.

வலக்கோடி வரிசை 11 வரை போனால்? அது பெனி. 12 பெனி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1971 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டன் பதின்ம நாணயத்துக்கு மாறியது. அன்றோடு இந்த மெஷின்களின் வேலையும் முடிந்தது. நம் பக்கம் அப்படி ஒன்று கிடைத்தால், அது பவுண்டில் கணக்கு வைத்த அலுவலகத்தில் இருந்ததா, வேறு நாட்டிலிருந்து வந்ததா என்று விசாரிங்க.

ஒரு பகுதி 11 வரை, அடுத்த பகுதி 15 வரை இருந்தால் அது இன்னும் சுவாரஸ்யம். 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். இந்தியா 1957 ஏப்ரல் 1ஆம் தேதி பதின்ம நாணயத்துக்கு மாறியது. அதற்கு முன் இந்தியக் கணக்குக்காகச் செய்த மெஷின் அது. இலங்கை ரூபாய் 19ஆம் நூற்றாண்டிலேயே 100 சதத்துக்கு மாறிவிட்டதால், இந்த அமைப்பு இலங்கைக்குப் பொருந்தாது.

பாட்டி "நாலணா", "எட்டணா" என்று சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்தக் கணக்குக்கு ஒரு மெஷினே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

கர்ட்டா: சின்ன மெஷின், பெரிய கதை

கர்ட் ஹெர்ஸ்டார்க் வியன்னாக்காரர். அவருடைய குடும்பமே கணக்கு மெஷின் தயாரித்த குடும்பம். தந்தை யூதர். 1943இல் நாஜிகள் அவரைக் கைதுசெய்து புகன்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள்.

கையடக்கக் கணக்கு மெஷின் ஒன்றை அவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். அது முகாம் அதிகாரிகளுக்குத் தெரிந்தது. போரில் வென்றதும் ஹிட்லருக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று சொல்லி, அதை வரைய அனுமதித்தார்கள். அந்த வரைபடம்தான் தன்னை உயிரோடு வைத்திருக்கும் என்று உணர்ந்து அவர் வரைந்தார்.

1945 ஏப்ரலில் முகாம் விடுவிக்கப்பட்டது. ஹெர்ஸ்டார்க் பிழைத்தார். பின்னர் லீக்டன்ஸ்டைன் என்ற சின்னஞ்சிறு நாட்டில் கன்டினா நிறுவனம் அந்த மெஷினைத் தயாரித்தது. 1940களின் இறுதியிலிருந்து 1970களின் தொடக்கம் வரை ஏறக்குறைய 140,000 கர்ட்டாக்கள் வெளிவந்தன. கார்ப் பந்தய வழிகாட்டிகள்கூட ஓடும் காரில் அதைச் சுற்றிக் கணக்குப் போட்டார்கள்.

எப்படி அடையாளம் காண்பது? முதல் வகையில் 8 குமிழ்கள். 1954இல் வந்த இரண்டாம் வகை சற்றுப் பெரியது, 11 குமிழ்கள். அடியில் வரிசை எண் இருக்கும். இரண்டாம் வகையின் எண்கள் 5 லட்சத்துக்கு மேல் தொடங்கும்.

கூடவே ஓர் உருளை டப்பா வந்திருக்கும். உலோக டப்பாவின் மூடி வழக்கத்துக்கு எதிர்த் திசையில் திறக்கும், அதனால் திறக்கவில்லை என்று அடித்துத் திறக்காதீங்க. டப்பாவும் கையேடும் இருந்தால் விலை கூடும்.

மெஷினை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிரித்துப் பார்க்காதீங்க. அதைத் திரும்பப் பூட்டுவது வல்லுநர் வேலை.

சரி, விலை எவ்வளவு?

ஒரே பட்டியல் போட்டு முடிக்க முடியாது. ஆனால் மூன்று தட்டுகளாகப் பிரிக்கலாம்.

கீழ்த்தட்டு: போருக்குப் பிந்தைய ஃபேசிட், ஒரிஜினல் ஓட்னர், ஃபெலிக்ஸ், சாதாரண கூட்டல் மெஷின்கள், அடியேட்டர். பெரும்பாலும் இரண்டிலக்கத் தொகை. நன்றாக ஓடி, சுத்தமாக இருந்தால் சில வேளை மூன்றிலக்கம். பெட்டகம் மாதிரி கனக்கும் மோட்டார் மெஷின்களும் இங்கேதான், ஏனென்றால் அனுப்பும் செலவே விலையைத் தின்றுவிடும்.

நடுத்தட்டு: ஆரம்பகால பிரன்ஸ்விகா, கண்ணாடிப் பக்கங்கள் உடையாத பரோஸ், வடிவமைப்புக்காகத் தேடப்படும் மாடல்கள். மார்செல்லோ நிட்ஸோலி வடிவமைத்த ஒலிவெட்டி டிவிசும்மா ஓர் எடுத்துக்காட்டு. அணா, பை போன்ற அபூர்வ வரிசை உள்ளவற்றுக்கும் தனி ஆர்வலர்கள் உண்டு.

மேல்தட்டு: கர்ட்டா, நல்ல நிலையில் இருந்தால் 1,000 அமெரிக்க டாலருக்கு மேல் போவது வழக்கம். மரப்பெட்டியில் வந்த ஆரம்பகால காம்ப்டோமீட்டர், பீட்டர்ஸ்பர்க் ஓட்னர் ஆகியவற்றைத் தேடிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, நீளமான மரப்பெட்டியில் பித்தளைத் தகடோடு 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் தயாரான தோமா த கோல்மார் மெஷின். அது கிடைத்தால் முதல் வேலை, நேராக ஏல நிறுவனத்தைத் தொடர்புகொள்வதுதான்.

ஒரே மாடல், இரண்டு விலை: ஏன்?

• ஓடுகிறதா? எல்லா இலக்கத்திலும் 9 வைத்து, 1ஐக் கூட்டிப் பாருங்க. கூட்டிய இடம் முழுக்க 0 ஆகி, அடுத்த இலக்கத்துக்கு 1 போகணும். நடுவில் ஏதாவது 9 தங்கினால் உள்ளே பழுது. கைப்பிடி லேசாகச் சுற்றினால் மட்டும் இதைச் செய்யுங்க.
• முழுசாக இருக்கிறதா? ஒரு விசைத் தொப்பி, ஒரு கைப்பிடிக் குமிழ் இல்லாமல் போனாலே விலை இறங்கும்.
• அசல் பூச்சா? புது பெயிண்ட் அடித்தால் சேகரிப்பாளர்கள் ஒதுங்கிவிடுவார்கள். தேய்ந்த அசல், பளபளக்கும் புதுசை விட மேல்.
• துணைப் பொருள்கள்? மூடி, பெட்டி, கையேடு, வாங்கிய ரசீது. குப்பை என்று நினைத்து இவற்றைத்தான் முதலில் வீசிவிடுகிறோம்.
• உள்ளூர் அடையாளம்? விற்ற கடையின் சிறு தகடோ ஒட்டுத்தாளோ இருந்தால் உரிக்காதீங்க. அந்த மெஷின் எப்படி இங்கே வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

விலையை எங்கே சரிபார்ப்பது?

கரோசலில் ஒருவர் 800 வெள்ளி என்று போட்டிருக்கலாம். அது அவருடைய ஆசை. ஒரு வருஷமாக அது விற்காமலே கிடக்கலாம்.

ஈபே மாதிரியான தளங்களில் "விற்று முடிந்தவை" என்று வடிகட்டிப் பார்க்க முடியும். உங்கள் மாடலின் 5, 6 விற்பனைகளை எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் பாருங்க. அதிலிருந்து அனுப்பும் செலவைக் கழிச்சுடுங்க. மீதிதான் நீங்கள் எதிர்பார்க்கக்கூடிய தொகை.

மேல்தட்டு மெஷின் என்று சந்தேகம் வந்தால், பழைய தொழில்நுட்பப் பொருள்களுக்கென்றே ஏலம் நடத்தும் ஜெர்மனியின் பிரேக்கர் போன்ற நிறுவனங்களின் பழைய ஏல முடிவுகளைத் தேடுங்க. அடையாளம் காண, பான் நகரில் உள்ள அரித்மியம் அருங்காட்சியகம் நல்ல ஒப்பீடு. கணக்கு மெஷின்களின் வரலாற்றுக்காகவே உள்ள இடம் அது.

ஒரு எச்சரிக்கை. யாராவது வீட்டுக்கு வந்து, "இது ஓடாது, 50 வெள்ளி தர்றேன், இப்பவே எடுத்துட்டுப் போறேன்" என்று அவசரப்படுத்தினால், ஒரு நாள் அவகாசம் கேளுங்க. பொருளை அடையாளம் காண ஒரு மாலைப்பொழுது போதும். அதுவரை எதையும் கொடுக்காதீங்க.

சுத்தம் செய்யலாமா?

வெளியே மட்டும். மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்க. லேசாக ஈரமான துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்க. எண்களுக்கு மேலே தேய்க்காதீங்க, நிறம் போய்விடும்.

உள்ளே எண்ணெய் தெளிக்காதீங்க. பழைய பிசினோடு தூசியும் புது எண்ணெயும் கலந்து, கொஞ்ச நாளில் இன்னும் இறுகிவிடும்.

மோட்டார் மெஷின்களில் இரட்டை ஆபத்து. பழைய மின்கம்பியின் உறை உதிர்ந்திருக்கும். அமெரிக்க மெஷின்கள் பல 110 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தத்துக்குச் செய்தவை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பது 230 வோல்ட். செருகினால் மோட்டார் கருகலாம், தீயும் பிடிக்கலாம்.

வைக்கும் இடம் உலர்ந்ததாக இருக்கட்டும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும். துணியால் மூடி வைப்பது நல்லது.

இவை ஏன் திடீரென்று மறைந்தன?

1961இல் பிரிட்டனின் பெல் பஞ்ச் நிறுவனம் அனிடா என்ற மின்னணு மேசைக் கால்குலேட்டரை வெளியிட்டது. சம்லாக் மெஷின்களைத் தயாரித்த அதே நிறுவனம். அடுத்த பத்தாண்டில் ஜப்பானிய நிறுவனங்கள் களமிறங்கி விலையைக் கீழே இறக்கின.

கைப்பிடி மெஷின் தயாரித்த ஜப்பானின் பிசிகாம் நிறுவனம், தன் மின்னணுக் கால்குலேட்டருக்கு ஒரு சில்லு வேண்டும் என்று இன்டெல்லிடம் கேட்டது. அதிலிருந்து பிறந்ததுதான் 1971இல் வந்த இன்டெல் 4004. இன்று உங்கள் கைப்பேசிக்குள் இருக்கும் சில்லுகளின் மூதாதை அது.

மாறத் தவறியவர்கள் வீழ்ந்தார்கள். உலகம் முழுக்க விற்ற ஃபேசிட், சில ஆண்டுகளுக்குள்ளேயே சரிந்து, 1973இல் எலக்ட்ரோலக்ஸ் கைக்குப் போனது. வீட்டில் கிடக்கும் மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒதுக்கப்பட்டதாக இருக்கலாம். அது பழுதாகவில்லை, அதன் காலம் முடிந்தது.

விற்க வேண்டாம் என்றால்?

விலை 60 வெள்ளிதான் என்று தெரிந்தபின், "சரி, வீட்டிலேயே இருக்கட்டும்" என்று பலர் முடிவு செய்வதுண்டு. அதுவும் நல்ல முடிவுதான்.

அப்படியானால் ஒரு வேலை செய்யுங்க. இதை யார் பயன்படுத்தினார், எந்தக் கடையில், எந்த வேலைக்கு, ஏறக்குறைய எந்த ஆண்டுகளில் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்க. அந்தத் தாளை மெஷினோடு சேர்த்து வையுங்க.

குடும்பக் கடையின் கணக்குப் புத்தகங்கள், புகைப்படங்கள், மெஷின் மூன்றும் ஒன்றாக இருந்தால் அது தனி மெஷினை விட மதிப்பானது. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் போன்ற இடங்களில் அவர்களுக்கு ஆர்வம் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். பிரித்து விற்றுவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

யாரிடமாவது கேட்பதற்கு முன் எடுக்க வேண்டிய 6 படங்கள்

1. முன்பக்கம், முழு மெஷினும் தெரியும்படி.
2. பின்பக்கம்.
3. அடிப்பக்கம். கனமான மெஷின் என்றால் இருவர் சேர்ந்து தூக்குங்க.
4. பெயர்த் தகடு, எழுத்து தெளிவாகத் தெரியும்படி.
5. வரிசை எண்.
6. உடைந்த, துருப்பிடித்த, காணாமல்போன பாகங்கள். மறைக்காதீங்க, வாங்குபவர் எப்படியும் கண்டுபிடிப்பார்.

இந்த 6 படங்களும், "சுற்றிப் பார்க்கவில்லை" என்ற ஒரு வரியும் இருந்தால் போதும். விஷயம் தெரிந்த சேகரிப்பாளர் சில நிமிடங்களில் பதில் சொல்லிவிடுவார். கரங்குனி வண்டி கீழ்த்தளத்தில் ஹார்ன் அடிப்பதற்குள் அந்தப் பதிலை வாங்கிடுங்க.